அங்கம்மாவின் சப்பாத்து

மருந்து கலக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகின்றன. இருந்தாலும் என்னோடு வேலை செய்த இளைய டிஸ்பென்சர்கள் பெருநாளுக்குப் பெருநாள் கம்பளையிலுள்ள என் வீட்டுக்கு வந்து போகிறார்கள். இந்த முறை வந்தவர்களில் ஒருவர் புதிய செய்தி ஒன்று கொண்டுவந்தார். தோலில் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் நோய்க்காரர்களில் சிலருக்குக் கால் மூட்டுகளும் வீங்கி நோகும் அல்லவா? அதற்கு இப்போது புத்தகங்களில் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்களாம். புதிய மாத்திரைகளும் வருகின்றனவாம்.

"உங்கட காலத்துல இதுக்கு என்ன பேர் சேர்?" என்று கேட்டார்.

பெயர் ஒன்றும் எனக்கு நினைவில் வரவில்லை. வந்தது ஒரு மலைநாட்டுப் பெண்ணின் முகமும் அவளுடைய கால்களும்தான். அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் வாப்பாவுக்குக் கம்பளையில் புடவைக்கடை இருந்தது. துணி அளக்கும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. கண்டியில் டாக்டர் சபாநாதன் என்ற யாழ்ப்பாணத்தவர் சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி நடத்திக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக நான் அங்கே சேர்ந்தேன். காலை ரயிலில் போய் இறங்கினால் வாவியின் மேல் பனி இன்னும் விலகியிருக்காது. புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்கும். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டே போய்க் கதவைத் திறப்பேன். கஷாயம் காய்ச்சவும், களிம்பு பிசையவும், தராசில் தூள் நிறுக்கவும் பழகியதில் முதல் வருடங்கள் ஓடிப்போயின. நான் கெடுத்த களிம்புகளையும் உடைத்த போத்தல்களையும் பற்றி எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செதில் நோய்க்குத் தார்க் களிம்புதான் அப்போதைய மருந்து. கண்ணாடிப் பலகையைச் சுடுநீரில் சூடாக்கித் துடைத்து, தாரையும் துத்தநாகத் தூளையும் அதன் மேல் வைத்து, அகலக் கத்தியால் கட்டியில்லாமல் தேய்த்துத் தேய்த்துச் சேர்க்க வேண்டும். பழைய முறையில் அதற்குப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். நான் சேர்ந்த வாரமே டாக்டர் அந்த டப்பாவை எடுத்துவிட்டு வாஸ்லீனை வைத்துவிட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தார் வாடை சட்டையை விட்டுப் போகாது. "மகன், ரோட்டுப் போடவா போற?" என்று உம்மா கேட்பார்.

டாக்டர் மெலிந்த, உயரமான மனிதர். அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கால் நோவென்று யார் வந்தாலும் அவரிடம் ஒரே வழக்கம்தான். நோயாளியைக் கதிரையில் இருத்துவார். தான் ஒரு குட்டை முக்காலியில் கீழே உட்கார்ந்துகொள்வார். மடித்த துவாயைத் தன் தொடையில் போட்டு, நோயாளியின் காலைத் தூக்கி அதன் மேல் வைப்பார். பிறகு அவசரப்படவே மாட்டார். சின்ன விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டையும் இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து மெல்ல அமுக்குவார். அமுக்கும்போது காலைப் பார்க்க மாட்டார், முகத்தையே பார்ப்பார். "வாய் பொய் சொல்லும். முகச்சுழிப்பு சொல்லாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்த நோயை நான் முதலில் கண்டது என் ஊர் ஆள் ஒருவரிடம். மஹ்மூது முதலாளி கம்பளையில் பெரிய வியாபாரி. ஒரு காலின் பெருவிரலும் அடுத்த விரலும் வீங்கி வந்திருந்தார். இங்கிலீஷில் கவுட் என்கிற ராஜவாதம் என்று சொல்லி வேறிடத்தில் அவருக்கு இறைச்சியை நிறுத்தியிருந்தார்கள். அதில்தான் அவருக்கு அதிகக் கோபம்.

"டாக்டர், நோவு கூடப் பரவாயில்ல. எனக்குத் தொழுகையில இருக்க ஏலா. பெருவிரல் நெருப்பு மாதிரி ஈக்கிது. பள்ளிக்குப் போறத்தையே விட்டுட்டன்" என்றவர் குரலை இறக்கினார். "ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "மஜீத், நீங்கள் தொழுகையிலை எப்பிடி இருக்கிறனீங்கள்? ஒருக்கா இருந்து காட்டும்."

நான் பாயை விரித்து, வலக் காலின் விரல்கள் மடிந்து நிலத்தில் ஊன்றும்படி இருந்து காட்டினேன். டாக்டர் குனிந்து எந்த விரல் எவ்வளவு மடிகிறது என்று பார்த்தார். திருப்தி வரவில்லை போலும். எழுந்து வந்து என் பக்கத்தில், வெள்ளைக் காற்சட்டையோடு அதே மாதிரி இருந்து பார்த்தார். திருநீறு பூசிய யாழ்ப்பாணத்து டாக்டர் பாயில் அப்படி இருந்ததைக் கண்டு முதலாளி தன் நோவையே மறந்துபோனார்.

அதன்பின் டாக்டர் அவருடைய தொப்பியைக் கழற்றச் சொன்னார். முடிக்குள்ளே வெள்ளி மாதிரிச் செதில்கள் இருந்தன. கால் நகங்களில் தையற்காரரின் விரலுறையில் இருப்பது போலச் சின்னச் சின்னக் குழிகள். "ராஜவாதம் மூட்டிலை மட்டும்தான் பாயும். இதைப் பாரும், விரல் முழுக்க வத்தாளங்கிழங்கு மாதிரிக் கிடக்கு. தோல் வருத்தமும் கால் வருத்தமும் ஒண்டுதான்" என்றார். பிரெஞ்சு வைத்தியர்கள் சிலர் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும், இங்கே யாரும் அதை நம்புவதில்லை என்றும் பிறகு எனக்குச் சொன்னார். முதலாளிக்கு இறைச்சி திரும்பக் கிடைத்தது. காலை ஒரு பக்கமாக நீட்டி இருந்து தொழலாம் என்று பள்ளிவாசல் இமாமும் சொல்ல, வெள்ளிக்கிழமைகளில் அவரை மீண்டும் பள்ளியில் கண்டேன்.

அங்கம்மா வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, முப்பதுகளின் தொடக்கத்தில். தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு எங்கள் டாக்டர் மாதந்தோறும் போய்வருவார். அந்தத் தோட்டத்துக் கொழுந்துக்காரி அவள். வயது முப்பது இருக்கலாம். புருஷன் வீரன் அவளைப் பாதி தூரம் முதுகில் சுமந்தும் பாதி தூரம் லொறியில் ஏற்றியும் கொண்டுவந்திருந்தான். கழுத்திலிருந்து கால்வரை கம்பளியால் மூடியிருந்தாள்.

வீரன்தான் பேசினான். "சாமி, இவளுக்குக் குட்டம்னு பெரிய கங்காணி சொல்றாருங்க. லயத்து வீட்ட விட்டு வெளிய போட்டுட்டாங்க. மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல இருக்கோம். பீலியில தண்ணி புடிக்க விடமாட்டேங்கிறாங்க. நீங்க பாத்துட்டு ஆமான்னு சொன்னா, கொழும்புப் பக்கம் குட்டக்காரங்க ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுருவாங்களாம்."

சொல்லிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். ஆமாம் என்ற சொல்லைக் காதால் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, துவாயைப் போட்டு, "காலைத் தா பிள்ளை" என்றார். அங்கம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாம் சாமி. எங்கால போயி நீங்க தொடுறதா? பாவங்க."

"தொடாமல் நான் என்னெண்டு பாக்கிறது?"

டாக்டரே குனிந்து காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பாதங்கள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. அட்டைக் கடியின் தழும்புகள், வெடித்த குதிகால்கள், வலக்காலில் இரண்டு விரல்கள் சிவந்து தடித்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. குதிகாலின் பின்புறத்துத் தசைநார் ஒட்டும் இடத்தை டாக்டர் தொட்டதுமே கதிரை நகர்கிற அளவுக்குத் துடித்தாள்.

"காலையில எந்திரிச்சுக் கால ஊன்ற முடியாதுங்க. சுவரப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். பேரு கூப்புடுற பெரட்டுக்குப் பிந்திப் போவேன். மலையில ஏறுறதுக்குள்ள உசிரு போயிரும். எறங்குறது அத விட மோசம்."

முழங்கையிலும் முழங்காலிலும் கெட்டியான வெள்ளைச் செதில்கள் இருந்தன. டாக்டர் முழங்கையின் பின்புறத்தில் ஓடும் நரம்பை உருட்டிப் பார்த்தார். குட்டத்தில், அதாவது தொழுநோயில், அது கயிறு மாதிரித் தடித்திருக்கும். பிறகு என்னிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டார். நான் அதை நூல் போலத் திரித்துக் கொடுத்தேன்.

"பிள்ளை, கண்ணை மூடு. நான் தொடுற இடத்தை விரலாலை காட்ட வேணும். குட்டம் எண்டால் அந்த இடத்திலை உணர்ச்சி இராது. விளங்குதோ?"

அவள் தலையசைத்தாள். கண்ணை மூடியதும் உதடுகள் அசையத் தொடங்கின. எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ. டாக்டர் செதிலின் ஓரத்தைப் பஞ்சு நுனியால் தொட்டார். அவள் விரல் உடனே அங்கே வந்தது. செதிலின் நடுவில் தொட்டார். அங்கேயும் வந்தது. முழங்கால், கணுக்கால், பாதத்தின் மேற்புறம் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டார். சில தடவை தொடாமலே கையை வைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் விரலும் அசையாமல் காத்திருந்தது. ஒரு இடத்தையும் அவள் தவறவிடவில்லை.

"கண்ணைத் திற. இது குட்டம் இல்லை. ஆரைத் தொட்டாலும் ஒட்டாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ டாக்டரை நேராகப் பார்த்து, "அப்ப நா பீலிக்குப் போலாமுங்களா?" என்று கேட்டாள்.

படிக்கட்டிலிருந்த வீரனிடம் போய்ச் சொன்னது நான். அவன் என் கைகளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

டிஸ்பென்சரியின் மேல்மாடியில் சில கட்டில்கள் இருந்தன. அங்கம்மாவை அங்கே வைத்துக்கொண்டோம். காலையில் தார்க் களிம்பு பூசி, மொட்டை மாடியில் வெயிலில் இருக்கவைப்போம். சூடாக்கிய மணல் மூட்டைகளுக்கு நடுவே பாதங்களை வைத்துச் சுற்றிவிடுவேன். நோவுக்குச் சாலிசிலேட் மருந்து கொடுத்தால் காதுக்குள் இரைச்சல் கேட்கும். "காதுக்குள்ள கொழுந்து மெஷினு ஓடுதுங்க ஐயா" என்பாள். செதில்கள் கொட்டிப் போயின. வீக்கமும் கொஞ்சம் வடிந்தது. ஆனால் வெறுங்காலோடு அறைக்குள் நடக்கும்போதே நோவு திரும்பியது.

டாக்டர் சந்தைக்குப் பின்னால் சப்பாத்துத் தைக்கும் ஒருவரை வரவழைத்தார். இருவரும் அவள் பாதத்தைக் கடதாசியில் வரைந்து வெகுநேரம் பேசினார்கள். வீங்கிய விரல்கள் முட்டாதபடி முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். நடக்கும்போது விரல்கள் மடியாதபடி அடித்தோலுக்குக் குறுக்கே ஒரு கட்டை வைக்க வேண்டும். குதிகாலில் நோகும் இடத்தில் குழி விட்டு, சுற்றிலும் தடித்த கம்பளித் துணி பதிக்க வேண்டும். மலையில் வழுக்காதிருக்க அடியில் ஆணி அடிக்க வேண்டும். முதற்சோடி சரிவரவில்லை, பிரித்துத் திரும்பத் தைத்தார். இரண்டாவது முறை போட்டுக்கொண்டு அங்கம்மா அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தாள். நின்றாள். திரும்பவும் நடந்தாள்.

"நோகுதோ?"

"கொஞ்சந்தாங்க. முந்தி மாதிரி இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். "ஆனா இது எனக்கு வேணாம் சாமி. இதப் போட்டுக்கிட்டுத் தொர முன்னால நிக்க முடியுமா? கங்காணியே குடையச் சுருக்கி, செருப்பக் கழட்டிட்டுத்தான் நிப்பாரு. நா ஒரு கொழுந்துக்காரி. வீரன் பேர வேலையிலருந்து வெட்டிப் போட்டுருவாங்க."

டாக்டர் அவள் கழற்றிய சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவளிடமல்ல, என்னிடம் சொன்னார்: "எங்கட ஊரிலையும் உதுதான் மஜீத். எங்கட வீட்டுப் படலையைத் தாண்டேக்கை செருப்பைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு போன ஆக்களைப் பாத்து வளந்தவன் நான். சின்னனிலை அதிலை ஒரு பிழையும் எனக்குத் தெரியேல்லை."

அந்த வாரமே அவளைத் தானே கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். என்னையும் வரச் சொன்னார். வத்தேகம தாண்டி மலையேறி, மாலையில் தோட்டத்து மருந்துக்காரரின் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை தப்பு அடித்து ஆட்களைக் கூப்பிட்டதும் பெரட்டுக் களத்துக்குப் போனோம். மலைகளின் இடுக்கில் பனி கிடந்தது. பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். அங்கம்மா கடைசியில், மற்றவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் நடந்து வந்த ஈரமண்ணில் ஆணித் தடம் பதிந்திருந்தது. அந்தக் களத்தில் அதுவரை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸ் மட்டுமே பதித்த தடம் அது.

பெரிய கங்காணி அதைக் கண்டார். "என்னாடி இது கூத்து? கழட்டுடி!"

அங்கம்மா குனிந்தாள். சப்பாத்தின் கயிற்றில் கை வைத்தாள்.

"கழட்டாதை பிள்ளை" என்றார் டாக்டர்.

கங்காணி மரியாதையாகத்தான் பேசினார். "டாக்டரய்யா பெரியவங்க. ஆனா இது பெரட்டுக் களமுங்க. இன்னிக்கு இவ போட்டா நாளைக்கு எல்லாரும் போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க."

"எல்லாருக்கும் இந்த வருத்தம் வந்தால், எல்லாருக்கும் நான் தைப்பிச்சுக் குடுப்பன்."

அதற்குள் துரை நாயோடு வந்துவிட்டார். "என்னா சத்தம் கங்காணி?" என்றார். கங்காணி சப்பாத்தைக் காட்டினார். துரையின் முகம் சிவந்தது. டாக்டர் கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்த ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு அங்கம்மாவை அதில் உட்காரச் சொன்னார். தான் அந்த ஈரமண்ணில் ஒரு முழங்காலை ஊன்றிக் குந்திக்கொண்டார். துவாயைத் தொடையில் போட்டார். சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து அவள் பாதத்தை எடுத்து வைத்தார்.

களத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துரையைக் கிட்டக் கூப்பிட்டு, ஒவ்வொரு விரலாகக் காட்டி இங்கிலீஷில் விளக்கினார். எங்கே வீங்குகிறது, ஏன் மடிக்க முடியாது, குதிகாலில் குழி எதற்கு என்று சொன்னார். எனக்குச் சொல்வது போலவே நிதானமாகச் சொன்னார். குதிகாலின் பின்புறத்தை இலேசாக அமுக்கிக் காட்டியபோது அங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். துரையே, போதும் என்று கையைக் காட்டினார். பின்னர் டாக்டர் தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "இது குட்டம் இல்லை. ஒட்டுற வருத்தமும் இல்லை. இந்தச் சப்பாத்து இவளுக்கு மருந்து. போத்தலிலை வராத மருந்து."

சொல்லிவிட்டு, அவசரமில்லாமல் அவள் காலில் சப்பாத்தை மாட்டி, கயிற்றைக் கட்டி, கட்டு இறுக்கமா என்று விரல் விட்டுப் பார்த்தார்.

துரை தன் கைத்தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். மலையில் போடட்டும், ஆனால் ஆபீசுக்கும் பங்களாவுக்கும் வரும்போது கழற்ற வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். கழற்றினால் அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றார் டாக்டர்.

"அப்படியானால் அந்தப் பக்கம் அவள் வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாயை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதை நான் அங்கம்மாவுக்குச் சொன்னபோது, "அந்தப் பக்கம் எனக்கு என்னா வேலைங்க?" என்றாள். வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கங்காணி அதட்டினார். எல்லாரும் மலைக்குப் போனார்கள். நாங்கள் திரும்பும்போது பீலிப் பக்கமாக நடந்தோம். வீரன் இரண்டு குடங்களோடு அங்கே நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற கிழவி ஒருத்தி அவனைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, தன் குடத்தை ஒரு பக்கம் நகர்த்தி இடம் விட்டாள்.

டாக்டரின் முழங்காலில் களத்து மண் ஒட்டியிருந்தது. கண்டி வந்து சேரும்வரை அவர் அதைத் தட்டிவிடவில்லை. கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நோய் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். மாறவில்லை. மழைக்காலங்களில் வீக்கம் திரும்பி வந்தது. செதில்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு விரல் மூட்டு நாளடைவில் இறுகி மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆன பிறகு அந்த விரலில் நோவு நின்றுபோனது. ஆட்களைக் குறைத்த அந்தக் கெட்ட காலத்திலும் அவள் பெயரை யாரும் வெட்டவில்லை. வந்துபோகும் போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொண்டுவருவாள். டாக்டருக்கு வாழைப்பூ.

டாக்டர் கண்டியை விட்டு ஊரோடு போவதற்கு முந்தைய வருடம் மாளிகையின் யானை ஊர்வலமாகிய பெரஹரா பார்க்க அவளும் வீரனும் கண்டிக்கு வந்தார்கள். சப்பாத்தின் அடித்தோல் தேய்ந்து, பக்கம் பிளந்திருந்தது. புதிதாகத் தைப்பதற்காகத் தைப்பவரை வரவழைத்தோம். அவர் பாதத்தைத் திரும்ப வரைந்துகொண்டிருந்தபோது அங்கம்மா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். ஏதோ கேட்கத் தயங்கினாள்.

"என்ன பிள்ளை? சொல்லு" என்றார் டாக்டர்.

"இந்த வாட்டி செவப்பாத் தச்சுத் தரச் சொல்றீங்களா சாமி?"

தைப்பவர் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வீரன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"சிவப்பு ஏன்?" என்றார் டாக்டர்.

"எப்பிடியும் ஊரே பாக்குது. போட்டுத்தான் ஆகணும்னு ஆகிப்போச்சு. பின்ன நல்லதாப் போட்டுக்கிறேன்."

டாக்டர் சபாநாதன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மேல்மாடி நோயாளிகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

தைப்பவரிடம் சிவப்புத் தோல் இல்லை. எங்கிருந்தோ சாயம் வாங்கித் தோய்த்துத் தைத்தார். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அன்று மாலை பெரஹராக் கூட்டம் தெருவில் சேர்ந்துகொண்டிருந்தது. நான் டிஸ்பென்சரி வாசலில் நின்று பார்த்தேன். கடைக்காரர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். அங்கம்மா யாரையும் பார்க்கவில்லை. வீரன் பின்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வர, சேலையை ஒரு கையால் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி, இலேசாக விந்தி விந்தித் தெருவின் நடுவே நடந்து போனாள்.